தலைக்குள் செல் துண்டு இருக்கிறதா?

மனச்சோர்வுக்கான காந்தத் தூண்டல் சிகிச்சைக்கு வருபவரைக் கதிரையில் இருத்துவதற்கு முன் மருத்துவர் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தலையிலோ கழுத்திலோ இரும்பு ஏதும் இருக்கிறதா?" வேறு நாடுகளில் பெரும்பாலானோர் இல்லையென்று தலையாட்டிவிடுவார்கள். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிலோ சங்கானையிலோ கேட்டால், போரில் செல் (எறிகணை) எங்கே விழுந்தது, எந்த வருசம் விழுந்தது என்று பதில் தொடங்கக்கூடும். எடுத்தால் ஆபத்து என்று உள்ளேயே விடப்பட்ட துண்டுகளோடு வாழ்கிறவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள்.

2009 ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் யாழ் மாவட்டத்தில் 1,517 வீடுகளைத் தெரிந்து ஓர் ஆய்வு நடந்தது. 22.2 சதவீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. ஐந்தில் ஒருவருக்கும் மேல். ஆனால் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் அரிது. "ஒரே யோசினையாக் கிடக்கு", "நித்திரை வருகுதில்லை", "பெருமூச்சுத்தான் வருகுது" என்றுதான் எங்கள் வீடுகளில் அது பேசப்படுகிறது.

அதற்கான காந்தச் சிகிச்சையின் அடிப்படை பழையது. மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் அருகிலுள்ள கம்பியில் மின்னோட்டத்தை எழுப்பும் என்று விஞ்ஞானி பரடே 1831 இல் கண்டார். 1985 இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் அந்தனி பார்க்கரும் கூட்டாளிகளும் அதே விதி மனித மூளையிலும் செயற்படுவதைக் காட்டினார்கள். மண்டையோட்டைத் திறக்கவில்லை. தலைமேல் பிடித்த சுருளிலிருந்து காந்தத் துடிப்பு போனதும் கை தானாகத் துடித்தது.

இன்றும் சிகிச்சையின் அளவு கையில்தான் தெரிகிறது. 8 என்ற எண்ணைப் போன்ற சுருளைத் தலையில் வைத்து, வலது பெருவிரல் மெல்ல வெட்டி இழுக்கும்வரை வலுவைக் கூட்டுவார்கள். அதுவே அவரவர்க்குரிய அளவுகோல். பிறகு சுருள் சில சென்ரிமீற்றர் முன்னே, இடது நெற்றிக்கு மேற்புறமாக நகரும். மனச்சோர்வில் மந்தமாகிப்போவதாகக் கருதப்படும் பகுதி அது. மரங்கொத்தி கொத்துவதுபோல டக்டக்கென்று சத்தம் கேட்கும். காதுக்கு அடைப்பான் தருவார்கள். சிலருக்குத் தலையிடி வரலாம். வலிப்பு மிக அரிது. மயக்க மருந்து இல்லை. முடிந்ததும் எழுந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம். ஊரில் பயத்தோடு சொல்லும் 'கரண்ட் பிடிக்கிறது' (மின்னதிர்வுச் சிகிச்சை) வேறு. அதையும் வெறுக்க வேண்டியதில்லை. மிகக் கடுமையான மனச்சோர்வில் அது உயிரைக் காக்கிறது.

மருந்துகளால் குணம் காணாதவர்களுக்கு இந்தக் காந்தச் சிகிச்சையை அமெரிக்கா 2008 இல் அனுமதித்தது. ஒரு தடவைக்கு 37.5 நிமிடம், கிழமைக்கு 5 நாள், 4 முதல் 6 கிழமை. 2018 இல் வெளியான கனேடிய ஆய்வொன்று, 414 பேரைக் கொண்டு, 3 நிமிட முறையும் அதற்குச் சளைத்ததல்ல என்று காட்டியது. இரண்டிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய் கணிசமாகத் தணிந்தது. முழுமையாக மீண்டவர்கள் 3 நிமிட முறையில் 32 சதவீதம், பழைய முறையில் 27 சதவீதம். போலிச் சிகிச்சை பெற்ற ஒரு குழுவோடு அங்கே ஒப்பிடவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. எல்லோரையும் குணமாக்கும் அற்புதம் அல்ல இது. ஆனால் ஒரே கருவியில் ஒரு நாளைக்குப் பல மடங்கு பேரைப் பார்க்கலாம் என்பது எங்களைப் போன்ற இடத்துக்குப் பெரிய விசயம்.

இந்தியாவில், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை நடக்கிறது. தோட்டத்தில் கூலிக்கு வெங்காயம் கிண்டும் ஒரு தாய், 3 நிமிடத்துக்காக ஆறு கிழமை அங்கே போய்த் தங்குவாரா? கருவி அவருடைய பஸ் போகும் தூரத்துக்கு வரவேண்டும். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847 இல் வட்டுக்கோட்டையில் வேலையைத் தொடங்கி, பின்னர் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவம் நோயாளியின் ஊருக்கும் மொழிக்கும் வந்த மண் இது.

உங்கள் வீட்டில் யாராவது இரண்டு கிழமைக்கு மேலாகச் சாப்பாடு, நித்திரை, பேச்சு எல்லாவற்றிலும் மனமில்லாமல் இருந்தால், யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ உள்ள உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உடம்பில் செல் துண்டு இருந்தால் எந்த இடத்தில் என்று மறக்காமல் சொல்லுங்கள். காலில் கிடப்பது இந்தச் சிகிச்சைக்குப் பொதுவாகத் தடையில்லை. உடனே பேச வேண்டுமென்றால் தேசிய உளநல நிறுவகத்தின் இலக்கம் 1926, இரவிலும் எடுக்கலாம்.