பழுதுநீக்கும் பணியும் வங்கி உத்தரவாதமும்

பெங்களூரு ஈஜிப்புராவில், பொருளாதாரத்தில் நலிந்தோருக்காக மாநகராட்சி கட்டிய குடியிருப்புகள் இருபது ஆண்டுகூட நிலைக்கவில்லை. 2013 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டன. பொதுக் குடியிருப்பின் கட்டுமானமும் பழுதுபார்ப்பும் எந்த நிபந்தனையில் ஒப்படைக்கப்படுகின்றன என்பது, அதில் வாழ்வோரின் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது.

கர்நாடகத்தில் இதற்கு வழிவகுப்பது 1999ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டம். இரு உறை முறையில், ஒப்பந்ததாரரின் அனுபவமும் நிதிவலிமையும் முதலில் ஆராயப்படும். தகுதி பெற்றோரின் விலை உறைகள் மட்டுமே பிரிக்கப்பட்டு, அவர்களுள் குறைந்த விலை கோரியவர் தேர்ந்தெடுக்கப்படுவார். அம்முடிவை ஏற்காத போட்டியாளர் 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

தேர்வானவர் பணியைப் பாதியில் கைவிட்டால் என்ன செய்வது? அதற்காகவே வங்கி உத்தரவாதம் பெறப்படுகிறது. நிபந்தனையற்ற உத்தரவாதமாயின், மாநகராட்சி உரிய முறையில் கோரியதும் வங்கியாகிய நாங்கள் தொகையைச் செலுத்துவோம். பொதுவாக, இருதரப்பு வழக்கு முடியும்வரை காத்திருப்பதில்லை. பின்னர் அத்தொகையை ஒப்பந்ததாரரிடம் வசூலிப்போம்.

ஆயினும், உத்தரவாதத்துக்கு இறுதிநாள் உண்டு. மார்ச்சில் முடிந்த கூரைப்பணியின் தரம் ஜூன் மழையில்தான் தெரியும். மே மாதத்திலேயே உத்தரவாதம் காலாவதியாகிவிட்டால், ஒழுகும் கூரைக்காக வங்கியிடம் எதுவும் கோர இயலாது. எனவே, குறைபாடுகளைச் சரிசெய்யும் பொறுப்புக் காலம் முழுவதற்கும் அது செல்லுபடியாக வேண்டும்.

அடுக்ககச் சங்கங்களுக்கும் இது பொருந்தும். உத்தரவாதம் பெறும்போது தொகை, இறுதிநாள், கோரிக்கைக்கான கெடு ஆகிய மூன்றையும் சரிபாருங்கள். வழங்கிய வங்கிக்கிளையிடமே நேரடியாகக் கேட்டு, அதன் உண்மைத்தன்மையை உறுதிசெய்துகொள்ளுங்கள்.