அகன்ற டயர் பெற்றோல் குடிக்குமா?

இலங்கையில் 2022 ஜூலையில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான். ஈச்சிலம்பற்றிலிருந்து திருகோணமலைக்குப் போய்வருபவர் லீற்றர் கணக்குப் பார்க்கப் பழகாமல் இருப்பாரா? ஆனாலும் சின்னக் காருக்கு அகன்ற டயர் போடும் ஆசை மட்டும் விடவில்லை.

மாருதி ஆல்டோ 800-க்குக் கம்பனி டயர் 145/80 ஆர்12. அதைக் கழற்றி, 13 அங்குல ரிம்மில் 165/70 போட்டால்?

தரையைத் தொடும் பரப்புக் கூடிவிடும் என்பார்கள். காற்றழுத்தம் மாறாவிட்டால் பரப்பு ஏறக்குறைய அதேதான். நீளம் குறைந்து அகலம் கூடும். பெற்றோலை விழுங்குவது றப்பர் நசுங்கி நிமிர்வது. நசுக்கச் செலவான சக்தி முழுதும் திரும்புவதில்லை, ஒரு பங்கு வெப்பமாகிறது. ஓடி நிறுத்திய டயர் சுடுவது அதனாலும்தான். அகன்ற டயரில் றப்பரும் பாரமும் பெரும்பாலும் கூட. குலுக்கல் குறையட்டும் என்று காற்றையும் குறைத்தால் நட்டம் இன்னும் கூடும். மட்டக்களப்பு வீதியில் வேகமெடுத்தால் காற்றின் எதிர்ப்பும் சேரும்: வேகம் இரு மடங்கானால் அது நான்கு மடங்கு.

இன்னொரு வேடிக்கை. டயரின் விட்டம் 537 மில்லிமீற்றரிலிருந்து 561 ஆகிறது. தூரம் காட்டும் மீற்றர் சக்கரத்தின் சுற்றுகளைத்தான் எண்ணும். 100 கிலோமீற்றர் ஓடினாலும் 96 என்றே காட்டும். ஆகவே, ‘பெற்றோல் கூடிவிட்டது’ என்ற புலம்பலில் நான்கு வீதம் வெறும் கணக்குப் பிழை.

அழகுக்காக மாற்றுவது வீண்செலவு. கையேட்டில் உள்ள காற்றழுத்தத்தை, டயர் குளிர்ந்திருக்கும்போது, மாதமொரு முறை சரிபாருங்கள்.