'60' என்றால் எவ்வளவு தண்ணீர்?

மேட்டூர் அணை நிலவரத்தை நாளிதழில் பார்த்திருப்பீர்கள். அதில் நீர்மட்டம் அடிக்கணக்கில் இருக்கும். நீர் இருப்பு டி.எம்.சி. கணக்கில் இருக்கும். வெளியேற்றம் விநாடிக்கு இத்தனை கன அடி என்று இருக்கும். அணையின் முழு மட்டம் 120 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.

இப்போது ஒருவர் உங்களிடம் வந்து, "மேட்டூரில் 60" என்று மட்டும் சொல்கிறார். என்ன புரிந்துகொள்வீர்கள்? 60 அடியா, 60 டி.எம்.சி.யா? "எதைச் சொல்கிறீர்கள்?" என்று உடனே திருப்பிக் கேட்பீர்கள். கணிப்பொறியும் அப்படிக் கேட்குமா?

இன்று புரோகிராம் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் வந்துவிட்டன. வேண்டியதைச் சாதாரண மொழியில் சொன்னால் போதும். முகவர் கோப்புகளைப் படிக்கும், புரோகிராம் எழுதும், ஓட்டியும் பார்க்கும். ஆனால் அதன் மூளையாக உள்ள மொழி மாதிரிக்குத் தெரிந்த வேலை ஒன்றே: சொற்களை எழுதுவது. ஒரு கோப்பைத் திறக்கக்கூட, "இந்தக் கருவியை இந்த விவரத்துடன் இயக்கு" என்று அது எழுதிக் கேட்க வேண்டும். கருவி என்பது வேறொரு சிறு புரோகிராம். அது வேலையைச் செய்து விடையைத் திருப்பி அனுப்பும்.

கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்பது பொதுவாக மாதிரிக்குத் தெரியாது. கருவியின் பெயர், அதைப் பற்றிய விளக்கம், கொடுக்க வேண்டிய விவரங்களின் பட்டியல் ஆகியவற்றை வைத்துத்தான் எதை எடுப்பது என்று அது முடிவு செய்கிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது நெறியிலும் கருவியின் முக்கிய அடையாளங்கள் இவையே.

ஓர் உதாரணம் பார்ப்போம். மேட்டூர் நீர் எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்கிடும் புரோகிராமை எழுதும்படி முகவரிடம் சொல்கிறோம். அதனிடம் 'அணை' என்றொரு கருவி இருக்கிறது. விளக்கம்: "அணை விவரம் தரும்." அவ்வளவுதான். முகவர் அதை இயக்குகிறது. விடை 60 என்று வருகிறது. அது 60 டி.எம்.சி. என்று முகவர் எடுத்துக்கொள்கிறது.

விநாடிக்கு 12,000 கன அடி திறந்தால் ஒரு நாளில் (86,400 விநாடிகள்) சுமார் 1.04 டி.எம்.சி. வெளியேறும். நீர்வரத்து இல்லை என்று வைத்துக்கொண்டால், 60 டி.எம்.சி. சுமார் 58 நாள் வரும். ஆனால் கருவி தந்தது 60 அடி! மட்டம் பாதி என்றால் நீரும் பாதி இருக்காது. பள்ளத்தாக்கு அடியில் குறுகலாகவும் மேலே அகலமாகவும் இருப்பதால், கீழ்ப்பாதியில் உள்ள நீர் பாதிக்கும் குறைவு. எனவே அது 45 நாளைக்குக்கூடக் காணாது. சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் மேட்டூர்க் கால்வாயை நம்பி நாற்று நட்டவர் இந்தக் கணக்கை நம்பினால், பயிரின் கதி என்ன?

அதே கருவிக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: "அணையின் பெயரைத் தமிழில் கொடுக்கவும். அன்று காலை 8 மணிக்கு இருந்த நீர்மட்டத்தை அடியில் தரும். நீர் இருப்பைத் தராது. அதற்கு 'அணை இருப்பு' கருவியைப் பயன்படுத்தவும்." இதில் என்ன தரும் என்பதும், எந்த அலகு என்பதும், எதைத் தராது என்பதும் இருக்கின்றன.

இன்னும் சில விதிகள் உண்டு. 'தேடு', 'கண்டுபிடி' என்று இரண்டு கருவிகள் இருந்தால், கோப்பின் பெயரைத் தேடுவது எது, கோப்பின் உள்ளே இருக்கும் சொல்லைத் தேடுவது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அழிக்கும் கருவியானால், "அழித்ததை மீட்க முடியாது" என்று எழுத வேண்டும். தவறு நேர்ந்தால் "பிழை 7" என்று சொல்லும் கருவியால் பயனில்லை. "அணையின் பெயர் விடுபட்டுள்ளது" என்று சொன்னால் முகவர் தானே திருத்திக்கொள்ளும். அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதவும் கூடாது. மாதிரி ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய சொற்களுக்கு எல்லை உண்டு. விளக்கமே அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் வேலைக்கு இடம் குறையும்.

விளக்கம் தெளிவாக இருந்தால் மட்டும் போதாது. உண்மையாகவும் இருக்க வேண்டும். செவ்வாய்க்குச் சென்ற அமெரிக்காவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்தது. எஞ்சின் தந்த உந்தம் நியூட்டன்-விநாடியில் இருக்க வேண்டும் என்பது ஏட்டில் எழுதப்பட்ட விதி. தரையிலிருந்த ஒரு புரோகிராமோ அதைப் பவுண்டு-விநாடியில் தந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 4.45 மடங்கு. ஆகவே கருவியை மாற்றினால் அன்றே விளக்கத்தையும் மாற்ற வேண்டும்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். பள்ளி ஆய்வகத்தில் உள்ள ஒரு கருவியைப் பற்றி, அதன் பெயரைச் சொல்லாமல், ஒரு அட்டையில் ஐந்து வரி எழுதுங்கள். அது எதற்கு, எதைக் கொடுக்க வேண்டும், எந்த அலகில் விடை வரும், எதற்கு உதவாது? பிறகு அட்டையை ஒரு நண்பரிடம் கொடுங்கள். அவர் உங்களை எதுவும் கேட்கக் கூடாது. அவர் தவறான கருவியை எடுத்து வந்தால் அவரைக் குறை சொல்லாதீர்கள், அட்டையைத் திருத்துங்கள். வெர்னியர் அளவியையும் திருகு அளவியையும் வேறுபடுத்திக் காட்டும்படி எழுதிவிட்டால், உங்கள் அட்டை தேறிவிட்டது!