ஆறு மாதப் பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணீர் போதுமா?

பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள முரசுமோட்டை, இரணைமடுத் தண்ணீரில் நெல் விளையும் ஊர். அரிசிக்குக் குறைவில்லை. அதற்காக ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்கு வடித்த கஞ்சியை மட்டும் போத்தலில் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். பிறக்கும்போது உடம்பில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து அந்த வயதில் குறைந்துவிடும்; தாய்ப்பால் மட்டும் அதை ஈடுசெய்யாது. கரண்டியிலிருந்து வழியாத அளவுக்குக் குழைத்த சோறு, பிறகு பருப்பு, முள் நீக்கிய மீன், மசித்த ஈரல் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். முதலில் இரண்டு மூன்று கரண்டி போதும். பிளேன்டீ வேண்டாம், அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

தேன் ஷிஃபாதான். ஆனாலும் ஒரு வயதுவரை கொடுக்கக் கூடாது. அதிலிருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியைக் குழந்தையின் குடல் தாங்காது. சாப்பாடு தொடங்கியதும் பால்குடியை நிறுத்திவிடாதீர்கள். சூரத்துல் பகரா 233ஆம் வசனம் சொல்வது பூரணமாக இரண்டு வருடங்கள்.