அலுமாரிக்குக் கீழே ஒரு படி

ஞாயிற்றுக்கிழமை காலை. லண்டனில் ஒரு சின்ன வீடு. அம்மம்மா குசினியில் புட்டு அவிக்க ஆயத்தம் செய்கிறார்.

"பிள்ளை, மேல் தட்டில அரிசிமாப் போத்தல் இருக்கு. எனக்கு எட்டுதில்லை. ஒருக்கா எடுத்துத் தாங்கோ."

"எனக்கும் எட்டுதில்லை, அம்மம்மா. பொறுங்கோ, என்ர படிக்கிற கதிரையைக் கொண்டு வாறன்."

"ஐயோ, அந்தச் சுழல்கதிரையோ? அது சில்லுப் பூட்டினது. ஏறினா உருண்டிடும். விழுந்து கையைக் காலை முறிச்சா என்ன செய்யிறது?"

"அப்ப, ஒரு ஸ்டூல் வாங்கி வைப்பமா?"

"வைக்கலாம். ஆனா எங்க வைக்கிறது? இஞ்ச நடக்கவே இடமில்லையே!"

இப்படி ஒரு பேச்சு உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். ஏறி நிற்க ஒரு படி வேண்டும். அதைப் பக்கத்தில் வைத்தால் காலில் இடறும். தூரத்தில் வைத்தால் அவசரத்துக்கு ஒருவரும் போய் எடுக்கமாட்டார்கள். கிடைத்த கதிரையில்தான் ஏறுவார்கள். அப்போதுதான் ஆபத்து வருகிறது.

படி பக்கத்திலும் இருக்க வேண்டும், வழியிலும் நிற்கக் கூடாது. அப்படி ஓர் இடம் இருக்கிறதா? இருக்கிறது. அது உங்கள் காலடியிலேயே இருக்கிறது.

கீழே குனிந்து பாருங்கள்

குசினி அலுமாரியின் கதவுக்குக் கீழே பாருங்கள். நிலத்தை ஒட்டி நீளமான பலகை ஒன்று தெரியும். அதை இந்த நாட்டில் 'பிளிந்த்' என்பார்கள். நாம் 'அடிப்பலகை' என்று சொல்லலாம். பெரும்பாலும் அதன் உயரம் 15 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும்.

அடிப்பலகை அலுமாரியின் முகப்போடு சேர்ந்து நிற்காது. கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும். ஏன் தெரியுமா? ஒரு சோதனை செய்து பாருங்கள்.

முதலில் ஒரு வெறுஞ்சுவருக்கு முன்னால் நில்லுங்கள். கால்விரல்கள் சுவரில் முட்டட்டும். இப்போது உங்கள் வயிறு சுவரில் முட்டுகிறதா? இல்லை. அடுத்ததாகச் சமையல் மேடைக்கு முன்னால் நில்லுங்கள். கால்விரல்கள் அலுமாரிக்குக் கீழே போய்விடும். உடம்பு மேடைக்குக் கிட்டப் போகும். முதுகை வளைக்காமல் மரக்கறி வெட்டலாம், கோப்பை கழுவலாம். அந்தச் சின்ன இடைவெளி உங்கள் கால்விரல்களுக்காக விட்ட இடம்.

சரி, அடிப்பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? அலுமாரியின் சின்னக் கால்கள் இருக்கின்றன. கொஞ்சம் தூசி இருக்கும். எப்போதோ தொலைந்த ஒரு கரண்டியும் இருக்கலாம். மற்றபடி அது வெறும் இடம். ஒரு அலுமாரி 60 சென்ரிமீற்றர் அகலம் என்றால், மடித்த படி ஒன்றை அந்த இடத்துக்குள் படுக்க வைக்கலாம்.

படி எப்படி வெளியே வருகிறது?

இதை இரண்டு விதமாகச் செய்யலாம்.

முதலாவது விதத்தில், அடிப்பலகையையே ஒரு லாச்சியின் முகமாக மாற்றுவார்கள். காலால் மெல்லத் தட்டினால் லாச்சி வெளியே வரும். அதற்குள் படி மடிந்து படுத்திருக்கும். வெளியே எடுத்து விரித்தால் கால்கள் நேராகும். வேலை முடிந்ததும் மடித்து உள்ளே தள்ளிவிடலாம்.

இரண்டாவது விதத்தில், லாச்சியே படியாக இருக்கும். அதன் மேற்பக்கம் தடித்த பலகையால் மூடியிருக்கும். இழுத்துவிட்டு அதன் மேல் ஏறி நிற்கலாம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. லாச்சி சுலபமாக ஓட வேண்டும். நீங்கள் ஏறியதும் அது ஓடவே கூடாது! இதற்கு என்ன வழி?

பள்ளிக்கூட நூலகத்தில் வட்டமான ஸ்டூல் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். காலால் தள்ளினால் உருண்டு போகும். ஏறி நின்றால் அசையாது. அதன் அடியில் சின்னச் சில்லுகளும் சுருள்வில்களும் இருக்கின்றன. உங்கள் பாரம் சுருள்வில்லை அமுக்கும். உடனே சில்லுகள் உள்ளே போகும். ஸ்டூலின் விளிம்பு நிலத்தில் இறுக்கமாகப் பதியும். இந்த வழியையே லாச்சிப் படிக்கும் பயன்படுத்தலாம்.

எவ்வளவு எட்டும்?

கணக்குப் பார்ப்போம். சமையல் மேடையின் உயரம் ஏறக்குறைய 90 சென்ரிமீற்றர். அதற்கு மேலே 45 சென்ரிமீற்றர் அளவு இடைவெளி விட்டுச் சுவர் அலுமாரி தொடங்கும். எனவே அதன் கீழ்த் தட்டு 135 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். இரண்டாவது தட்டு 170 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

130 சென்ரிமீற்றர் உயரமான பிள்ளை கையைத் தூக்கினால் ஏறக்குறைய 160 சென்ரிமீற்றர் எட்டலாம். இரண்டாவது தட்டுக்கு எட்டாது. 20 சென்ரிமீற்றர் உயரமான படியில் ஏறினால் 180 சென்ரிமீற்றர் எட்டும். இப்போது போத்தல் கையில்! ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் தட்டு இன்னும் எட்டாது. அது பெரியவர்களின் வேலை.

லண்டனில் பழைய யோசனை

படியை ஒளித்து வைப்பது புது யோசனை இல்லை. லண்டன் தச்சர்கள் 250 ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்தார்கள். அப்போது அது குசினிக்காக இல்லை. புத்தகங்களுக்காக.

அந்தக் காலத்துப் பணக்கார வீடுகளில் நூலக அறை இருந்தது. புத்தகத் தட்டுகள் மிக உயரமாக இருந்தன. ஏணி தேவைப்பட்டது. ஆனால் அழகான அறையின் நடுவில் ஏணி நிற்பதை யார் விரும்புவார்கள்?

ரொபேட் காம்பெல் என்பவர் லண்டனில் தளபாடங்கள் செய்தவர். 1774ஆம் ஆண்டு அவர் ஒரு புதிய படிக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் படிகள் ஒரு மேசைக்குள் மடிந்திருந்தன. பார்த்தால் வெறும் மேசை. திறந்து விரித்தால் படிக்கட்டு!

பிறகு மோர்கன் அன்ட் சாண்டர்ஸ் என்ற நிறுவனம் வந்தது. அது ஸ்ட்ராண்டுக்குப் பக்கத்தில் கத்தரின் வீதியில் இருந்தது. அவர்கள் செய்த 'உருமாறும் கதிரை' 1811இல் ஒரு லண்டன் சஞ்சிகையில் படத்தோடு வெளிவந்தது. அது கைபிடி உள்ள கதிரை. அதில் இருந்து வாசிக்கலாம். உயரத்தில் இருக்கும் புத்தகம் வேண்டுமா? எழும்பி, முதுகுப் பக்கத்தைப் பிடித்து முன்பக்கமாகக் கவிழ்க்க வேண்டும். பிணைச்சலில் கதிரை மடியும். நான்கு படிகள் உள்ள ஏணி ஆகிவிடும்.

கத்தரின் வீதி இன்றும் இருக்கிறது. கொவென்ட் கார்டன் பக்கம் போனால் அதில் நடந்து பாருங்கள்.

ஒரு பொருளுக்கு இரண்டு வேலை கொடுப்பது நம் வீடுகளிலும் உண்டு. அம்மம்மாவின் திருவலையைப் பாருங்கள். அது இருக்கும் பலகை. தேங்காய் திருவும் கருவியும் அதுவே. சில திருவலைகளில் பல்லுள்ள இரும்பு மடிந்துவிடும். மடித்துத் தள்ளி வைத்தால் இடம் மிச்சம்.

படியில் ஏறுமுன்

படி நல்லதுதான். ஆனால் ஏறும் விதம் தெரிய வேண்டும்.

1. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஏறுங்கள்.
2. படி முழுவதும் விரிந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.
3. நிலம் ஈரமாக இருந்தால் முதலில் துடையுங்கள்.
4. எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் படியை வைக்காதீர்கள்.
5. ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.
6. பக்கவாட்டில் எட்டிப் பிடிக்காதீர்கள். இறங்கி, படியை நகர்த்தி, பிறகு ஏறுங்கள்.
7. வேலை முடிந்ததும் உள்ளே தள்ளிவிடுங்கள். வெளியே கிடந்தால் யாராவது இடறி விழுவார்கள்.

வீட்டில் தவழும் தம்பியோ தங்கையோ இருந்தால், லாச்சிக்கு ஒரு பூட்டும் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. வயதானவர்கள் விழுந்தால் எலும்பு சுலபமாக முறியும். ஆறவும் நாள் எடுக்கும். அவர்களுக்குப் படி நல்ல வழி இல்லை. அவர்கள் தினமும் எடுக்கும் பொருளைக் கீழே கொண்டுவர வேண்டும். எப்போதாவது எடுக்கும் பொருள் மேலே போகட்டும்.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் இரண்டு முடிவுகள் எடுத்தார்கள். அப்பா அடிப்பலகைக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்தார். அம்மா அரிசிமாப் போத்தலை எடுத்துக் கீழ்த் தட்டில் வைத்தார்.

"இனி மா எடுக்க நான் ஒருத்தரையும் கூப்பிடத் தேவையில்லை," என்றார் அம்மம்மா.

"அப்ப, படி வந்தா நான் என்னத்தை எடுக்கிறது, அம்மம்மா?"

"இரண்டாவது தட்டில சீனிப் போத்தல் இருக்கெல்லே? அம்மா நிக்கேக்க ஏறி எடுங்கோ. புட்டுக்குப் போடுவம்."

புதிய சொற்கள்

குசினி – சமையலறை
அலுமாரி – பொருள்கள் வைக்கும் தட்டுகள் உள்ள பெட்டி, அலமாரி
கதிரை – நாற்காலி
லாச்சி – இழுத்துத் திறக்கும் பெட்டி; இழுப்பறை
சில்லு – சக்கரம்
தளபாடம் – மேசை, கதிரை போன்ற வீட்டுப் பொருள்
பிணைச்சல் – கதவு திறந்து மூட உதவும் இரும்பு, கீல்
காப்புரிமை – புதிதாகக் கண்டுபிடித்தவருக்குச் சட்டம் தரும் உரிமை

குசினி, கதிரை, அலுமாரி ஆகிய மூன்றும் போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் குசினியில் அடிப்பலகையின் உயரத்தை அளந்து எழுதுங்கள்.
2. கையைத் தூக்கி நில்லுங்கள். உங்கள் கை எவ்வளவு உயரம் எட்டுகிறது?
3. உங்கள் வீட்டில் வயதானவர் தினமும் எடுக்கும் மூன்று பொருள்கள் எவை? அவை அவருக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றனவா? அவரிடமே தமிழில் கேட்டு எழுதுங்கள்.