ஆபரேஷன் மேஜையில் விழித்தவர்கள்!
அசையாமல் படுத்திருந்தால் தூங்குவதாக அர்த்தமா?

"ஊசி போட்டுட்டா ஒண்ணும் தெரியாது" என்றுதான் ஆபரேஷனுக்குப் போகிறவருக்கு வீட்டார் தைரியம் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் மிகச் சிலருக்கு நடுவில் நினைவு திரும்பிவிடுகிறது. டாக்டர்கள் பேசுவது காதில் விழும். கத்தி படுவதும் தெரியலாம். கூச்சல் போட முடியாது. விரலைக்கூட அசைக்க முடியாது!

அம்பு விஷம்

முன்பெல்லாம் ஈதர் மட்டும் கொடுத்தார்கள். மயக்கம் குறைந்தால் நோயாளி கை காலை உதறுவார். டாக்டர் உஷாராகிவிடுவார்.

1942-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் டாக்டர் ஹெரால்டு கிரிபித், ஆபரேஷனில் குராரே மருந்தைப் பயன்படுத்தினார். தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவிய விஷம் அது. தசைகளைத் தளர வைக்கும். சர்ஜனுக்கு வேலை சுலபம்.

மூளையையும் அது தூங்க வைக்குமா? அமெரிக்க டாக்டர் ஸ்காட் ஸ்மித் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தார். மூச்சு நின்றது, பக்கத்தில் இருந்தவர்கள் செயற்கை சுவாசம் கொடுத்தார்கள். ஆனால் நினைவு போகவில்லை, வலியும் தெரிந்தது! 1947-ல் இந்த அறிக்கை வெளியானது. இன்றைய தசை தளர்த்தும் மருந்துகளும் இப்படித்தான்.

8,200 பேரில் ஒருவர்

பிரிட்டன், அயர்லாந்து டாக்டர்கள் 2014-ல் வெளியிட்ட கணக்குப்படி, முழு மயக்கம் கொடுக்கப்பட்ட சுமார் 19 ஆயிரம் பேரில் ஒருவர் விழித்ததாகப் புகார் சொன்னார். தசை தளர்த்தும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 8,200 பேருக்கு ஒருவர். கொடுக்காதவர்களில் 1 லட்சத்து 36 ஆயிரம் பேருக்கு ஒருவர்தான்.

நெற்றியில் ஒட்டும் கருவி

நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, கண்ணீர் ஆகியவற்றை டாக்டர் கவனிப்பார். இவற்றை மட்டும் நம்ப முடியாது. நோயாளி வெளியே விடும் மூச்சில் மயக்க வாயு எவ்வளவு இருக்கிறது என்று கருவி அளக்கும். நெற்றியில் பட்டை ஒட்டி மூளையின் மின் அலையைப் பார்க்கும் 'பிஸ்' கருவியும் உண்டு. 100 என்றால் முழு விழிப்பு. 40 முதல் 60 வரை இருந்தால் ஆபரேஷனுக்குத் தகுந்த மயக்கம்.

2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் இரண்டு முறையும் மோதின. இரு பிரிவிலும் தலா 2 பேர் விழித்தார்கள். ஆனால் மயக்க மருந்தை ரத்தக் குழாயில் மட்டும் ஏற்றினால் மூச்சில் அளக்க வாயு இருக்காது. அங்கே நெற்றிக் கருவிதான் கைகொடுக்கும்.

மறைக்காதீர்கள்!

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தால், விழித்திருப்பது இயல்பு. பயப்பட வேண்டாம். முழு மயக்கம் என்றால், குடிப்பழக்கம், சாப்பிடும் மாத்திரை, முன்பு நடுவில் விழித்த அனுபவம் எல்லாவற்றையும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிடுங்க.

ஆபரேஷன் முடிந்தபின் ஏதாவது ஞாபகம் வந்தால் 'கனவு' என்று தள்ளிவிடாமல் அதையும் சொல்லுங்கள். அடுத்த ஆபரேஷனில் அது உங்களைக் காப்பாற்றும்.