அந்த டியூப் பெயரைச் சொன்னதே நான்தான்!

எனக்கு வயது 36. பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர். கணவர் நூல் கடையில் கணக்கு எழுதுகிறார். பெண் பத்தாவது, பையன் ஐந்தாவது படிக்கிறார்கள். வாரா வாரம் இந்தப் பகுதியில் மற்ற சகோதரிகள் எழுதுவதைப் படிப்பதோடு சரி, நான் எழுதியதில்லை. இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பையன் வயிற்றில் இருந்தபோது எனக்கு மேலுதட்டுக்கு மேலேயும், வாயின் இரண்டு ஓரத்திலும், தாடையிலும் கறுப்பு படிந்தது. 'மங்கு விழுந்திருக்கு, பிள்ளை பிறந்தா போயிடும்' என்றார்கள். பிள்ளை பிறந்தான், நடந்தான், பள்ளிக்கூடமும் போனான். மங்கு மட்டும் போகவில்லை. உதட்டு ஓரமும் கறுத்து, பார்ப்பதற்கு நான் எந்நேரமும் யார் மேலேயோ கோபமாக இருக்கிற மாதிரி ஒரு முகம்! ஓரகத்தி மகன் ஒருநாள் எல்லார் முன்னாலும், "சித்தி, உங்களுக்கு மீசை இருக்கா?" என்று கேட்டுவிட்டான். குழந்தைதானே என்று சிரித்தேன். ராத்திரி கண்ணாடி முன்னால் நின்றபோது சிரிப்பு வரவில்லை.

செய்யாத வைத்தியம் இல்லை. கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், பாலாடை, உருளைக்கிழங்குச் சாறு... உதட்டுக்குப் பீட்ரூட் தேய்த்தால் சிவக்கும் என்று ஒரு புத்தகத்தில் போட்டிருந்தது. சிவக்கத்தான் செய்தது, வாய் கொப்பளிக்கிற வரைக்கும்! எலுமிச்சம்பழச் சாற்றைத் தடவிக்கொண்டு மொட்டை மாடியில் வத்தல் போட்டேன். அதில் இன்னும் கொஞ்சம் கறுத்ததுதான் மிச்சம்.

2022 ஆவணியில் என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரே தம்பி. நாத்தனார் முடிச்சு போடப் போகிறவள் நான். வீடியோக்காரர் என் முகத்தைத்தானே கிட்டத்தில் காட்டுவார்! பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கலில் அத்தைக்கு மாத்திரை வாங்கப் போனபோது, கூச்சத்தை விட்டுக் கேட்டேன். கடையில் இருந்தவர் ஒரு வார்த்தை மேலே கேட்கவில்லை. ஒரு சின்ன டியூபை எடுத்து வைத்து, "ராத்திரி போடுங்கக்கா, இருபது நாள்ல தெரியும்" என்றார். விலை நூற்றி இருபது ரூபாய். பத்து நாளிலேயே தெரிந்தது!

பொய் சொல்லக் கூடாது, அந்த இரண்டு மாதம் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். கறுப்பு போய் வாயைச் சுற்றி வெள்ளையாக, பளபளவென்று ஆகிவிட்டது. கல்யாண ஆல்பத்தில் என்னைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். என் வீட்டுக்காரர் வாய் திறந்து பாராட்டாத மனுஷர். அவரே, "என்னா, கல்யாணப் பொண்ணு யாருன்னு தெரியல" என்றார். மண்டபத்தில் பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள், என்ன போடுகிறாய் என்று. அதில் ஐந்து பேருக்கு டியூப் பெயரைச் சீட்டில் எழுதியே கொடுத்தேன். என் ஓரகத்தி அக்கா, எங்கள் மகளிர் குழுத் தலைவி, எதிர்வீட்டு மருமகள், தம்பி மனைவியின் தங்கை, தெருமுனையில் பூக்கட்டும் அக்கா. கேட்டவர்களுக்கு உதவுகிறோம் என்ற பெருமை வேறு.

மார்கழி வாக்கில்தான் ஆரம்பித்தது. இரண்டு நாள் போடாமல் விட்டால் எரியும். போட்டால் அடங்கும். அதனால் காலையிலும் போட ஆரம்பித்தேன். அடுப்பு முன்னால் நின்றால் முகம் மிளகாய் அரைத்துத் தடவினது மாதிரி காந்தும். வாயைச் சுற்றி ஊசி முனை அளவில் சிவப்புச் சிவப்பாகப் பொரி. உதட்டை ஒட்டி ஒரு நூல் அளவு இடம் விட்டு, அதற்கு வெளியே வட்டமாக. தாடையில் பூனை முடி. முதலில் கண்ணுக்குத் தெரியாத மாதிரி இருந்தது, அப்புறம் கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி வளர்ந்தது. கறுப்புக்குப் பயந்து நான் போய் வாங்கி வந்தது நிஜ மீசையை! யாரிடம் சொல்ல? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசப் பழகினேன். பல்வலி என்று குழுக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினேன்.

இதெல்லாம் நடந்தும் நான் அந்த டியூபை நிறுத்தவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். பழைய கறுப்பு திரும்பிவிடுமே என்ற பயம்தான்.

2023 தை மாசம், டியூப் சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்துபோவதைக் கவனித்தேன். அளவாகத்தானே எடுக்கிறோம் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் துணி மடித்து வைக்க உள்ளே போனால், என் பெண் பீரோ கண்ணாடி முன்னால் நின்று மேலுதட்டில் அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அப்போது எட்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் டான்ஸாம். பயமில்லாமல்தான் சொன்னாள், "நீ போடறேல்லம்மா" என்று. எத்தனை நாளாக என்று கேட்டால், ஒரு மாசமாம்!

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாள் காலை அவளுக்கு லீவு சொல்லிவிட்டு, டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு பேருமாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோல் டாக்டர் ஒரு அம்மா. ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்று போனால், என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், "கிரீம் என்ன போட்டே? டியூப் கொண்டு வந்தியா?" என்றார். நான் கொடுத்ததும் எழுத்தை என் பெண்ணையே வாசிக்கச் சொன்னார். அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின்.

டாக்டர் அம்மா திட்டவில்லை. எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதை, நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன். மொமெட்டசோன் என்பது ஸ்டீராய்டு. அழகு கிரீம் இல்லை, மருந்து. கரப்பான் மாதிரி நோய்க்கு நல்ல மருந்து. அதில் குற்றமில்லை. இந்த மூன்றும் சேர்ந்த கிரீமையே மங்குக்கு டாக்டர்களும் எழுதுவதுண்டு, சில வாரம் மட்டும், நடுவில் வரச்சொல்லிப் பார்த்துக்கொண்டே. மாதக் கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலிந்துவிடும். "முதல்ல ரத்தக்குழாயைச் சுருக்கும், அதனால வெளுத்தாப்புல தெரியும். போகப் போகத் தோல் மெலிஞ்சு உள்ளே இருக்கற நரம்பெல்லாம் வெளியே தெரியும். அதைத்தாம்மா நீ சிவப்பழகுன்னு நெனச்சிருக்கே" என்றார். முடி வளர்ந்ததும், பொரி வந்ததும், வெயில் தாங்காததும் அதனால்தான். போட்டால்தான் அடங்கும் என்பதும் அந்த மருந்தின் குணம்தானாம். நிறுத்தினால் தோல் திருப்பிச் சண்டை போடுமாம்.

இன்னொன்றும் சொன்னார். இந்த வகை ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018லேயே அரசாங்கம் உத்தரவு போட்டிருக்கிறதாம். நான் வாங்கியது 2022ல். சீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பெண்ணுக்குத் தப்பித்தது. ஒரு மாசம்தானே, அதுவும் கொஞ்சமாக. அவளுக்கு நிறுத்தியதும் இரண்டு வாரம் லேசாகச் சிவந்து, அடங்கிவிட்டது. எனக்குத்தான் ஆடித் தீர்த்தது! நிறுத்திய நாலாம் நாள் வாயைச் சுற்றி வீங்கி, சிவந்து, பொரி பொரியாகக் கிளம்பி, தண்ணீர் பட்டால்கூட எரிந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். முகத்தில் எதுவுமே போடக் கூடாது, மஞ்சள் கூடாது, சோப்பு கூடாது, வெறும் தண்ணீரில் கழுவு என்று உத்தரவு. மூன்று வாரம் தெருவில் இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் பார்க்கப் பொறுக்காமல், "அந்தக் கிரீமையே கொஞ்சம் போட்டுத்தான் தொலையேன்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, பாவம். எனக்கும் அதே ஆசைதான் உள்ளுக்குள். டியூப் டாக்டரிடமே போய்விட்டதால் பிழைத்தேன்.

என் மாமியாரைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். பதினைந்து வருஷமாக எனக்கும் அவருக்கும் குழம்பில் உப்பு உறைப்பு பற்றிச் சண்டை நடந்துகொண்டே இருக்கும். அவர்தான் ஒரு மாசம் முழுக்க அடுப்படிப் பக்கமே என்னை விடவில்லை. "அனல் பட வேணாம், போ அங்கிட்டு" என்று விரட்டினார். ராத்திரி எரிச்சலில் நான் புரள்வதைப் பார்த்து, ஈரத் துணியை நனைத்து நனைத்துப் போட்டு, விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரண்டும் ஃபேனும் இருக்கிற வீட்டில் பனை ஓலை விசிறி! அந்த ஒரு மாசம் குழம்பில் உப்பு கூடத்தான் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

முகம் பழையபடி ஆக ஐந்து மாசம் ஆனது. பொரி போய்விட்டது. முடி பாதி உதிர்ந்தது, மீதியை நூல் வைத்து எடுத்துக்கொள்கிறேன். மூக்கு ஓரத்திலும் தாடையிலும் மெலிசாக இரண்டு சிவப்பு நரம்பு நின்றுவிட்டது. மங்கு? அது திரும்ப வந்துவிட்டது, கொஞ்சம் கூடுதலாகவே. தோல் தேறிய பிறகு டாக்டர் அம்மா வேறு மருந்து கொடுத்தார், இப்போது பாதி மங்கியிருக்கிறது. முழுக்கப் போகும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. வெயில்தான் மங்குக்கு முதல் எதிரி என்றார். அதனால் மாடியில் துணி காயப்போடப் போனாலும் சன்ஸ்கிரீன் போட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். வெயிலில் எலுமிச்சம்பழம் தடவிய கதையைச் சொன்னபோது அவரே தலையில் கை வைத்துக்கொண்டார். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கறுக்கத்தான் செய்யுமாம்.

உதட்டுக்கு அவர் சொன்னது ரொம்பச் சாதாரணம். நாக்கால் உதட்டை நனைக்கிற பழக்கம் எனக்கு உண்டு, எனக்கே தெரியாமல். எச்சில் காயக் காய உதடு இன்னும் வறண்டு, ஓரம் கறுக்குமாம். அதை விட்டுவிட்டு, ராத்திரி கொஞ்சம் வாஸ்லின் போடச் சொன்னார். பத்து ரூபாய் டப்பா! ரோஸ் நிறமாக ஆகவில்லை. "நம்ம நிறத்துக்கு உதடு கொஞ்சம் கறுப்பாத்தாம்மா இருக்கும், அது நோய் இல்லை" என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். ஆனால் வெடிப்பு இல்லாமல், வழுவழுப்பாக இருக்கிறது. அதுவே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது காரணத்துக்கு வருகிறேன்.

உடம்பு தேறியதும் அந்த ஐந்து பேரையும் தேடிப் போனேன். எதிர்வீட்டு மருமகள் ஒரு டியூபோடு விட்டிருந்தாள். தம்பி மனைவியின் தங்கை வாங்கவே இல்லையாம், மறந்துவிட்டாளாம். அவள் மறதி வாழ்க! குழுத் தலைவிக்கு எரிச்சல் ஆரம்பித்திருந்தது, நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அதன் பிறகு ஒரு கூட்டத்தில் இருபது பேருக்கும், வீட்டில் இருக்கிற கிரீம் டியூபைக் கொண்டு வரச் சொல்லி, என் பெண்ணை வைத்தே வாசிக்கச் சொன்னோம். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது பெயர் இருக்கிறதா என்று பார்த்தோம். ஆறு பேர் டியூபில் இருந்தது. ஒருவர் தன் கைக்குழந்தையின் கன்னத்துக்கே போட்டுக்கொண்டிருந்தார்.

ஓரகத்தி அக்கா மட்டும் நம்பவில்லை. "நீ வெள்ளையாகணும், நாங்க ஆகக் கூடாதாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னும் போடுகிறார் என்று நினைக்கிறேன். பொங்கலுக்குப் பார்த்தபோது கன்னம் சிவந்திருந்தது. விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாவது, பூக்கார அக்கா. நான் தேடிப் போனபோது அவர் மகனோடு திருப்பூர் போய்விட்டார் என்றார்கள். பழைய போன் நம்பர் வேலை செய்யவில்லை. அக்கம்பக்கத்தில் யாருக்கும் விலாசம் தெரியவில்லை. பூ மடிக்கப் பழைய பேப்பர் வாங்கினாலும், இந்தப் பெண்கள் மலரை மட்டும் தனியே எடுத்து வைத்து, பூக்கட்டிக்கொண்டே படிப்பார். படித்துவிட்டு எனக்கும் கொடுப்பார். எனக்கு இந்தப் பகுதியைப் பழக்கிவிட்டதே அவர்தான். அங்கேயும் படிப்பார் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா, நான் சீட்டில் எழுதிக் கொடுத்த அந்தக் கிரீமை இன்னும் போட்டுக்கொண்டிருந்தால், டியூபோடு அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பாருங்கள். நிறுத்தியதும் முதல் மூன்று வாரம் ரொம்ப எரியும், பயந்து மறுபடி போட்டுவிடாதீர்கள். கடைத்தெரு முனையில் உங்கள் இடத்தில் இப்போது ஒரு இளநீர்க் கடை வந்திருக்கிறது. என் போன் நம்பர் பழைய நம்பர்தான்.

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.